சென்னை ரோட்டில் முட்டாமல் மோதாமல் ஓட்டுவது எப்படி?

கேள்வி: "கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு மாற்றலாகி வருகிறேன். வீடு வேளச்சேரி, அலுவலகம் கிண்டி. ஒரு ஸ்கூட்டரும் ஒரு சின்ன காரும் இருக்கின்றன. பத்து வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஆனால் சென்னையில் எல்லோரும் இடிக்க வருவது போலவே ஓட்டுகிறார்கள். நானும் அதே மாதிரி முரட்டுத்தனமாக ஓட்டினால்தான் காலம் தள்ள முடியுமா?"

தேவையே இல்லை. இடிக்க வருவது போல வருகிறவர்களில் பெரும்பாலோர் உங்களை இடிக்க வரவில்லை. உங்களுக்கு முன்னால் கிடக்கும் காலி இடத்தைப் பிடிக்க வருகிறார்கள். இந்த ஒன்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். மீதிப் பாதி பழக்கத்தில் போகும்.

ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை வைத்து இங்கே ஓட்டுகிறவர்கள் குறைவு. காலி இடத்தை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள். அண்ணா சாலையில் சிவப்பு விழுந்ததும் கவனியுங்கள். முதலில் மூன்று நான்கு கார்கள் வரிசையாக நிற்கும். அடுத்த அரை நிமிடத்தில் கொய்யாப்பழக் கூடையில் கடுகைக் கொட்டியது போல, கார்களின் இடுக்குகள் வழியாகப் பைக்குகள் இறங்கி முன்னால் வந்து குவியும். ஸ்டாப் லைனைத் தாண்டி, ஜீப்ரா கோட்டைத் தாண்டி, குறுக்கு ரோட்டின் ஓரம் வரை போய் நிற்கும். காரில் இருக்கும்போது உங்கள் இரண்டு பக்கமும் பைக் வரும் என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். "யாரும் வரமாட்டார்கள்" என்று நினைத்து இடது பக்கம் ஒடிக்கும் அந்த ஒரு நொடியில்தான் பின் கதவில் கீறல் விழுகிறது.

முரட்டுத்தனத்தால் நேரம் மிச்சமாகிறதா என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இரண்டு சிக்னல்களுக்கு நடுவே 600 மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் 72 நொடி ஆகும். வளைந்து நெளிந்து, ஹாரன் அடித்து, 50-ல் போனால் 43 நொடி. 29 நொடி லாபம். அடுத்த சிக்னல் சிவப்பாக இருந்தால் அந்த 29 நொடியையும் அங்கே நின்றே கழிக்க வேண்டும். உங்களை உரசிக்கொண்டு பறந்த பைக்காரர் சைதாப்பேட்டையில் உங்களுக்கு இரண்டு கார் முன்னால் நிற்பதையும், மறுபடி நந்தனத்தில் அதே இடத்தில் நிற்பதையும் நீங்களே பார்ப்பீர்கள். இது தினமும் நடக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சிக்னலிலும் அவர் தன்னை முன்னால் இருப்பவராகவே உணர்கிறார். அந்த உணர்வுதான் அவரை ஓட்டுகிறது.

இடைவெளிக்கு வருவோம். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் இரண்டு நொடி தூரம் விட வேண்டும் என்று எல்லா ஓட்டுநர் பயிற்சியிலும் சொல்வார்கள். மணிக்கு 40-ல் போனால் அது 22 மீட்டர். சென்னையில் 22 மீட்டர் காலியாக இருந்தால் ஒரு ஆட்டோ, இரண்டு பைக், ஒரு கால் டாக்சி உள்ளே வந்துவிடும். "அப்படியானால் இடைவெளி விட்டுப் பயனில்லை" என்று எல்லோரும் முன் வண்டியின் பம்பரை ஒட்டிக்கொள்கிறார்கள். அது தவறான முடிவு. ஒருவர் உள்ளே வந்தால் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் விட்டு மறுபடி இடைவெளியை உண்டாக்கிக்கொள்ளுங்கள். அவர் வந்ததால் உங்களுக்கு நஷ்டம் இரண்டு நொடி. வீட்டிலிருந்து ஆபீஸ் போவதற்குள் பதினைந்து பேர் நுழைந்தாலும் அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தைக் கொடுத்துவிட்டால், திடீர் பிரேக் போட வேண்டிய சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் இல்லாமலே போய்விடும்.

திடீர் பிரேக்கின் கணக்கும் தெரிந்திருக்கட்டும். மணிக்கு 40-ல் போகும்போது ஆபத்தைக் கண்ணால் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஏறத்தாழ ஒரு நொடியும் கொஞ்சமும் ஆகும். அதற்குள் வண்டி 13 மீட்டர் போயிருக்கும். பிறகு காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 12 மீட்டர். மொத்தம் 25 மீட்டர், அதாவது இரண்டு மாநகரப் பேருந்தின் நீளம். 60-ல் போனால் இதே தூரம் 45 மீட்டரைத் தாண்டிவிடும். மழை ரோட்டில் இன்னும் கூடும். ஊர்ந்து போகும் நெரிசலில் மீட்டர் கணக்கெல்லாம் பார்க்க முடியாது. அங்கே காரில் இருப்பவருக்கு ஒரு எளிய அளவு உண்டு: முன் காரின் பின் டயர் ரோட்டைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், அந்த வண்டி நின்றுபோனாலும் நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடித்து வெளியே வர இடம் இருக்கும்.

ஹாரனுக்கு இங்கே தனி மொழியே உண்டு. சின்னதாக ஒன்று அடித்தால் "நான் இங்கே இருக்கிறேன்." இரண்டு அடித்தால் "தாண்டப் போகிறேன்." விடாமல் அழுத்தினால் ஒன்று பிரேக் பிடிக்க மனமில்லை, அல்லது கோபம். முதல் வகையை மட்டும் நீங்கள் கற்றுக்கொண்டால் போதும். நிற்கும் பஸ்ஸைத் தாண்டும்போதும், சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு மூக்கை நீட்டும்போதும் ஒரு சின்ன ஹாரன் உதவும். பச்சை விழ ஐந்து நொடி இருக்கும்போதே பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் அழுத்தத் தொடங்குவார்களே, அதற்கு எந்தப் பலனும் கிடையாது. காரணம் எளிது. வரிசையில் ஒவ்வொரு வண்டியும் முன் வண்டி நகர்ந்ததைப் பார்த்த பிறகுதான் நகர முடியும். ஒரு வரிசைக்கு ஒரு நொடி என்று வைத்தாலும், இருபதாவது வரிசைக்கு அசைவு வந்து சேர இருபது நொடி ஆகும். எத்தனை பேர் அழுத்தினாலும் அந்த இருபது நொடி இருபது நொடிதான். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவு, தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்த முறை 2,000 ரூபாய் அபராதம் என்கிறது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி.

காரணமே இல்லாமல் நெரிசல் எப்படி உண்டாகிறது என்பதை ஜப்பானில் ஒரு சோதனையில் காட்டியிருக்கிறார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, எல்லோரும் ஒரே சீராக மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டுங்கள் என்றார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை, பள்ளம் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாகப் பிரேக் தொட, பின்னால் இருந்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தொட, அவருக்குப் பின்னால் இருந்தவர் நின்றேவிட்டார். அந்த நெரிசல் அலை போலப் பின்னோக்கி நகர்ந்தது. ஆய்வு 2008-ல் வெளியானது. ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் காலை 9 மணிக்கு எந்தக் காரணமும் தெரியாமல் நின்று, எந்தக் காரணமும் தெரியாமல் நகர்கிறதே, அதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. ஒருவர் 'கட்' அடித்து நுழையும்போது விழும் அந்த ஒரு பிரேக், பின்னால் அரைக் கிலோமீட்டருக்குக்கூடப் போய்ச் சேரும். நீங்கள் இடைவெளி விட்டிருந்தால் அந்த அலை உங்களிடம் வந்து அடங்கிவிடுகிறது. பிரேக் தொடாமல், ஆக்சிலரேட்டரை விட்டே சமாளித்துவிடுவீர்கள். பின்னால் வருகிறவருக்கு நீங்கள் செய்யும் உதவி இது.

இனி ஒவ்வொரு வண்டியையும் எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் சென்னையில் இண்டிகேட்டரை நம்பி ஓட்ட முடியாது, உடம்பைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம். சுமார் 3 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். அதாவது நடு ரோட்டில் நின்ற இடத்திலேயே சுழன்றுகொள்ளும். ஆகவே இண்டிகேட்டரைத் தேடாதீர்கள், முன் சக்கரத்தையும் ஓட்டுநரின் வலது தோளையும் பாருங்கள். தோள் வெளியே சாய்ந்து தலை பின்னால் திரும்பினால் வலது பக்கம் ஒடிக்கப் போகிறார். ஒரு கால் வெளியே வந்தால் அந்தப் பக்கம் வருகிறார், ஒதுங்குங்கள் என்று பொருள். பின் சீட்டில் இருப்பவர் முன்னால் குனிந்து எதையோ கை காட்டினால், இரண்டு நொடியில் ஆட்டோ நிற்கும். ஷேர் ஆட்டோவுக்கு இதுகூடப் பத்தாது. அதைப் பார்க்காதீர்கள், நடைபாதை ஓரத்தில் நிற்கும் ஆட்களைப் பாருங்கள். எங்கே ஒருவர் பையோடு ரோட்டைப் பார்த்து நிற்கிறாரோ, அங்கே ஷேர் ஆட்டோ நடு லேனிலிருந்து இடது ஓரத்துக்கு ஒரே கோட்டில் வரும். ஷேர் ஆட்டோ ஓட்டுநருக்கு அந்த சவாரிதான் சாப்பாடு. பின்னால் இன்னொரு ஷேர் ஆட்டோ அதே ஆளுக்காக வருகிறது. அதனால்தான் அந்த அவசரம். அந்த 20 மீட்டருக்கு மட்டும் வலது பக்கமாக ஒதுங்கிக்கொண்டால் தகராறே இல்லை.

மாநகரப் பேருந்திடம் மரியாதையாக இருங்கள். ஸ்டாப்பில் பஸ் ஓரமாக நிற்காமல் நடு ரோட்டில் நிற்கிறது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். பஸ் நிற்க வேண்டிய ஓரத்தில் ஷேர் ஆட்டோவும் பைக்குகளும் நின்றால் அவர் எங்கே நிறுத்துவார்? நின்ற பஸ்ஸின் இடது பக்கமாக ஒருபோதும் நுழையாதீர்கள். படியிலிருந்து இறங்குகிறவர் நேராக உங்கள் ஹேண்டில்பார் மேல் இறங்குவார். பஸ் புறப்படும்போது மெதுவாக வலது பக்கம் சாயும். நிறுத்தி வழி விடுங்கள். பெரிய ஆபத்து திருப்பத்தில் இருக்கிறது. பஸ் இடது பக்கம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. ஓரத்தை இன்னும் நெருக்கி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். பஸ் அகலமாகத் திரும்புவதைப் பார்த்து, "இடம் இருக்கிறதே" என்று இடது இடுக்கில் நுழையும் ஸ்கூட்டர், நடைபாதைக் கல்லுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். இதற்கு ஒரே ஒரு விதி: பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு உங்களைத் தெரியாது. தண்ணி லாரிக்கும் இதே விதிதான். கூடவே, பாதி நிரம்பிய டேங்கில் தண்ணீர் அலைந்து, பிரேக் போட்ட பிறகும் வண்டியை முன்னால் தள்ளும். ஒழுகும் தண்ணீரால் பின்னால் ரோடும் ஈரமாக இருக்கும். தண்ணி லாரிக்கு நேர் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டிலும் வேண்டாம்.

உணவு டெலிவரி பைக்காரர்களின் ஆபத்து கடைசி நூறு மீட்டரில். செல்போன் மேப்பைப் பார்த்து சடாரென்று ஓரங்கட்டுவார்கள், அல்லது யூ-டர்ன் தூரமாக இருந்தால் ராங் சைடில் வருவார்கள். கால் டாக்சி மெதுவாக, ஒரே வேகத்தில், நடு லேனில் போனால் ஓட்டுநர் பிக்கப் இடத்தைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராங் சைடில் ஒருவர் வந்தால் அவரோடு நியாயம் பேச நேரம் இல்லை. அவர் எப்போதும் ஓரத்தை ஒட்டியே வருவார், நீங்கள் உள்பக்கமாக இருங்கள். எதிர்த்திசையில் ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-வது பிரிவு ஆபத்தான ஓட்டுதல் என்றே வகைப்படுத்துகிறது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சந்து முனையில் 50 மீட்டர்தானே என்று நீங்கள் ஆரம்பிக்காதீர்கள்.

ரோட்டைக் கடப்பவர்கள் ஒரு கையை நீட்டியபடி நடந்து வருவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்தக் கைதான் அவர்களுக்கு சிக்னல். அவர்கள் ஒரே வேகத்தில் நடப்பார்கள் என்பதுதான் இதில் நல்ல விஷயம். அவர்களுக்கு முன்னால் வெட்டிக்கொண்டு போகாதீர்கள், நின்று விடுங்கள் அல்லது பின்பக்கமாகப் போங்கள். ஹாரன் அடித்தால் பயந்து நின்றுவிடுவார்கள், அல்லது திரும்பி ஓடுவார்கள். இரண்டுமே விபத்துதான். வயதானவரோ குழந்தையோ என்றால் முழுக்க நிறுத்துங்கள். பின்னால் இருப்பவர் கத்தட்டும்.

விளக்குகளில் இரண்டு தவறுகள் ஊர் முழுக்கப் பரவியிருக்கின்றன. சந்திப்பில் நேராகப் போகிறோம் என்று காட்ட, நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போடுவது ஒன்று. இடது பக்க ரோட்டிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் இடது விளக்கு மட்டும்தான் தெரியும். நீங்கள் அவர் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று நினைத்து அவர் வண்டியை எடுத்துவிடுவார். நேராகப் போக எந்த விளக்கும் வேண்டாம். இரண்டாவது, எதிரே வருபவர் ஹெட்லைட்டைச் சிமிட்டுவது. பிரிட்டனில் அது பெரும்பாலும் "நீங்கள் போங்கள்." இங்கே "நான் வருகிறேன், அசையாதே." வெளிநாட்டில் ஓட்டிவிட்டு வந்தவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். இரவில் ஹை பீம் போட்டு வருகிறவருக்குப் பதிலுக்கு நீங்களும் ஹை பீம் போட்டால் கண் தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே வருகிறார்கள் என்று பொருள். பார்வையை இடது ஓர வெள்ளைக் கோட்டில் வைத்து, வேகத்தைக் குறையுங்கள்.

சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டியை எடுக்காதீர்கள். மனதுக்குள் இரண்டு எண்ணுங்கள். முதலில் வலது பக்கம் பாருங்கள், ஏனென்றால் குறுக்கு ரோட்டில் உங்களை முதலில் தொடும் வண்டி வலமிருந்துதான் வரும். பிறகு இடது பக்கம். குறுக்கு ரோட்டில் சிவப்பு விழுந்த பிறகும் இரண்டு மூன்று வண்டிகள் பறந்து வருவது வழக்கம். உங்கள் பக்கம் மஞ்சள் விழும்போது என்ன செய்வது என்பதற்கும் அந்த 25 மீட்டர் கணக்கே உதவும். 40-ல் போகும்போது கோட்டுக்கு 25 மீட்டருக்குள் இருந்தால் போய்விடுங்கள், அதற்கு மேல் இருந்தால் நிறுத்துங்கள். ரொம்ப நேரமாகப் பச்சை எரிகிற சிக்னலை நெருங்கும்போதே பின்கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் பஸ் ஒட்டி வந்தால் பிரேக்கை இரண்டு முறை லேசாகத் தொட்டு, சிவப்பு விளக்கைக் காட்டி எச்சரியுங்கள். 'ஃப்ரீ லெஃப்ட்' பலகை இருக்கும் இடத்தில், நேராகப் போகிற நீங்கள் இடது ஓரத்தை அடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பலகை இல்லாத இடத்தில் சிவப்பில் இடது பக்கம் திரும்ப அனுமதி இல்லை, பின்னால் எத்தனை பேர் ஹாரன் அடித்தாலும் சரி.

வேக வரம்பு 2023 நவம்பரில் மாற்றப்பட்டது. சென்னைக்குள் காருக்கு மணிக்கு 60, பைக்குக்கும் கனரக வண்டிக்கும் 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் எல்லாவற்றுக்கும் 30.

கிண்டியில் அலுவலகம் என்பதால் கத்திப்பாரா மேம்பாலம் உங்களை விடாது. 2008-ல் திறக்கப்பட்ட அந்தப் பாலம் க்ளோவர் லீஃப் அமைப்பு. இந்த அமைப்பில் வலது பக்கம் போக வேண்டியவர் பாலத்தைக் கடந்து, இடது பக்க வளையத்தில் இறங்கிச் சுற்றி வர வேண்டும். புதிதாக வருபவர் வலது பக்கம் போக வேண்டுமே என்று வலது லேனில் ஏறிவிட்டு, வளையத்தைப் பார்த்ததும் மூன்று லேனைக் குறுக்கே வெட்டுகிறார். கத்திப்பாராவில் எழும் ஹாரன் சத்தத்தில் பாதி இதற்காகத்தான். பச்சைப் பலகையைப் பார்த்த உடனே இடது லேனுக்கு வந்துவிடுங்கள். தவறவிட்டால் நேராகப் போய் அடுத்த யூ-டர்னில் திரும்புங்கள், ஐந்து பத்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். வளையத்தில் ரிவர்ஸ் எடுப்பவர்களை நீங்கள் பார்ப்பீர்கள். வளைவில் பின்னால் வருகிறவருக்கு உங்கள் வண்டி கடைசி நொடியில்தான் தெரியும்.

யூ-டர்னுக்கு ஒரு நுணுக்கம் உண்டு. திரும்புவதற்கு முன்பே டிவைடரை ஒட்டி, ஒரு மீட்டருக்குள் வந்துவிடுங்கள். அகலமாகத் திரும்பலாம் என்று இடம் விட்டால் உங்களுக்கும் டிவைடருக்கும் நடுவே இரண்டு பைக் நுழைந்து, உங்களுக்கு முன்னால் உள்வட்டத்தில் திரும்பும். நீங்கள் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது அவர்கள் உங்கள் வலது கதவில் இருப்பார்கள்.

மழைக்காலம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. முதல் மழையில் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். ஸ்கூட்டரில் போகும்போது ஜீப்ரா கோடு, மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, பாதாள சாக்கடை மூடி இவற்றின் மேல் பிரேக் போடாதீர்கள், சாயாதீர்கள்; நேராகப் போங்கள். தி.நகர் பக்கத்து மேட்லி சப்வே, துரைசாமி சப்வே, வியாசர்பாடி கணேசபுரம் சப்வே போன்ற சுரங்கப்பாதைகளில் கனமழையில் தண்ணீர் நிற்கும். ஆழம் தெரியாமல் இறங்க வேண்டாம். சைலன்சர் முனைக்கு மேல் தண்ணீர் வந்து வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராட் வளைந்து, ஆயிரத்தில் முடிய வேண்டிய செலவு பல ஆயிரமாகும். தண்ணீரைத் தாண்டி வந்த பிறகு பிரேக்கை லேசாகப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டினால் டிரம் பிரேக் காய்ந்துவிடும்.

வண்டியைப் பொறுத்தவரை, ஸ்கூட்டரின் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றாதீர்கள். இடுக்கில் நுழைய வசதி என்று கழற்றுகிறார்கள். கண்ணாடி இல்லாதவருக்குப் பின்னால் வரும் பஸ் ஹாரன் அடித்தால்தான் தெரியும். காற்று வாரம் ஒரு முறை பாருங்கள். 110 சிசி ஸ்கூட்டர்களுக்குப் பொதுவாக முன்னால் 22, பின்னால் 29 பிஎஸ்ஐ. உங்கள் வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவே சரி. ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, பின்னால் உட்காருபவருக்கும் சேர்த்து. ஸ்ட்ராப்பை மாட்டாமல் தலையில் வைத்தால் விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். புடவை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் செருகிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

திட்டு வாங்குவீர்கள், அதற்கும் தயாராக இருங்கள். "இன்னாபா, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்றால், திரும்பிப் போகமாட்டாய் போலிருக்கிறதே என்று பொருள். "சாவுகிராக்கி" என்றும் வரும். கிராக்கி என்பது சென்னைப் பேச்சில் வாடிக்கையாளர், ஆட்டோக்காரருக்கு சவாரி. சாவைத் தேடிப் போகும் சவாரி என்கிறார். கேட்டதும் சுருக்கென்றிருக்கும். ஆனால் பெரும்பாலும் பயத்தில் வரும் கத்தல் அது. அவரும் அந்த நொடியில் நடுங்கித்தான் போயிருப்பார். ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு நகருங்கள், மூன்று நொடியில் முடிந்துவிடும். கண்ணாடியை இறக்கிப் பதில் சொன்னால் இரண்டு வண்டி நிற்கும், பின்னால் இருநூறு வண்டி நிற்கும்.

உரசிவிட்டால் நடு ரோட்டில் நின்று வாதாட வேண்டாம். இரண்டு வண்டியையும் நம்பர் பிளேட்டோடு இரண்டு மூன்று போட்டோ எடுங்கள், இடது ஓரத்துக்கு நகர்த்துங்கள், பிறகு பேசுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 108. அடிபட்டவருக்கு சிகிச்சை கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் சட்டப்படியான கடமை. வழியில் போகிற வேறு யாராவது உதவினால் அவரைச் சட்டச் சிக்கலிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. ஆம்புலன்ஸ் பின்னால் வந்தால் சிக்னலில் நின்றாலும் இடது பக்கம் கோணலாக ஏறி வழி விடுங்கள். வழி விடாவிட்டால் அபராதம் 10,000 ரூபாய். சென்னைக்காரர்கள் இதில் தங்கமானவர்கள். சைரன் கேட்டதும் நெரிசலில் எங்கிருந்தோ ஒரு பைக்காரர் இறங்கி, கையை வீசி வழி பிரித்துக் கொடுப்பார். கொஞ்ச நேரம் முன்பு உங்களைக் கட் அடித்தவரே அவராக இருக்கலாம்.

வந்த முதல் ஞாயிறு காலை 6 மணிக்கு வேளச்சேரியிலிருந்து கிண்டி வரை ஸ்கூட்டரில் ஒரு முறை, காரில் ஒரு முறை போய் வாருங்கள். குருநானக் கல்லூரி பக்கம், விஜயநகர் சந்திப்பு, கிண்டி ரயில் நிலையம் இறங்கும் இடம், எந்தெந்த லேன் எங்கே பிரிகிறது, எந்த ஸ்பீட் பிரேக்கருக்கு வெள்ளை பெயிண்ட் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் எட்டு மணிக்கு முன்பே கிளம்புங்கள். அடுத்த வாரம் எட்டரைக்கு. திங்கட்கிழமை காலையும், மழை பெய்த நாளும் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையமோ கிண்டி மெட்ரோவோ உங்களுக்கு எப்படி ஒத்துவரும் என்றும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.